ஒற்றை இதயவறை: "நான் எத்தனை வயது வரை இருப்பேன், டொக்டர்?"

கேள்வி: எனக்கு 22 வயது. செங்கலடிப் பக்கம். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். பிறக்கும்போதே இதயத்தில் ஒரு பக்கம் வளரவில்லை. கிளினிக் கொப்பியில் 'ட்ரைகஸ்பிட் அட்ரீசியா' என்று எழுதியிருக்கிறது. கைக்குழந்தையாக இருந்தபோது ஒன்று, ஒரு வயதுக்குள் இன்னொன்று, ஐந்து வயதில் இந்தியாவில் கடைசியாக ஒன்று என மூன்று ஒப்பரேஷன். 16 வயது வரை சிறுவர் கிளினிக்குக்குப் போனேன். பிறகு பெரியவர்களின் கிளினிக்குக்கு மாறச் சொன்னார்கள். கொரோனா, உயர்தரப் பரீட்சை என்று அது அப்படியே விட்டுப்போய்விட்டது. இப்போது ஒன்றும் செய்யாது, நன்றாகத்தான் இருக்கிறேன். அஸ்பிரின் ஞாபகம் வந்தால் குடிப்பேன். போன மாதம் இணையத்தில் தேடியபோது, இந்த ஒப்பரேஷன் செய்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 30 வருடத்தில் இருப்பதில்லை என்று கண்டேன். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. அம்மாவிடம் கேட்டால் அழுகிறார். கலியாணப் பேச்சு ஒன்றும் வந்திருக்கிறது. நான் எத்தனை வயது வரை இருப்பேன்? பிள்ளை பெறலாமா? மாப்பிள்ளை வீட்டுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டுமா?

பதில்: மகள், முதலில் அந்தக் கணக்கைப் பார்ப்போம். தூக்கத்தைக் கெடுத்தது அதுதானே.

நீங்கள் வாசித்தது பொய்யில்லை. பெரும்பாலும் அது அமெரிக்காவின் மாயோ கிளினிக் 2015இல் வெளியிட்ட ஆய்வாக இருக்கும். 1973 முதல் 2012 வரை அங்கே ஃபொன்டான் ஒப்பரேஷன் செய்துகொண்ட 1,052 பேரைப் பற்றியது. உங்களுடைய மூன்றாவது ஒப்பரேஷனின் பெயர்தான் ஃபொன்டான். அவர்களில் 10 வருடம் கழித்து நூற்றுக்கு 74 பேரும், 20 வருடம் கழித்து 61 பேரும், 30 வருடம் கழித்து 43 பேரும் உயிரோடு இருந்தார்கள். அந்த 43ஐத்தான் நீங்கள் பார்த்துவிட்டுப் பயந்திருக்கிறீர்கள்.

இந்த 30 வருடக் கணக்கில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். 2012இல் 30 வருடம் ஆகியிருக்க வேண்டுமென்றால், 1982க்கு முன்பே ஒப்பரேஷன் நடந்திருக்க வேண்டும். அப்போது எக்கோ ஸ்கேன்கூட ஆரம்ப நிலையில்தான் இருந்தது. ஒப்பரேஷனின்போதும் அடுத்த சில நாட்களிலும் இறந்தவர்கள் அப்போது நிறையப் பேர். அவர்களும் இந்தக் கணக்கில் சேர்த்தி. அதே ஆய்வில் 2001க்குப் பிறகு செய்துகொண்டவர்களைத் தனியாக எடுத்தால், 10 வருடத்தில் நூற்றுக்கு 95 பேர் இருந்தார்கள். இணையத்தில் பலர் இந்த இரண்டாவது வரியை எடுத்துப் போடுவதில்லை. பயமுறுத்துகிற வரிக்குத்தான் வாசகர் அதிகம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தங்கள் இரு நாடுகளிலும் இந்த ஒப்பரேஷன் முடிந்து வீடு திரும்பிய 1,006 பேரையும் பின்தொடர்ந்து 2014இல் வெளியிட்டன. பழைய முறையில் செய்துகொண்டவர்களில் 25 வருடத்தில் 76 வீதமானோர் உயிரோடு இருந்தார்கள். அதற்கு அடுத்து வந்த முறையில் 20 வருடத்தில் 90 வீதம். இதயத்துக்கு வெளியே குழாய் வைத்து இணைக்கும் இன்றைய முறையில் 13 வருடத்தில் 97 வீதம். கடைசி முறைக்கு ஏன் வெறும் 13 வருடக் கணக்கு என்றால், அது 1990ஐ ஒட்டித்தான் தொடங்கியது, பரவலாக இன்னும் சில வருடம் எடுத்தது. நீங்கள் ஐந்து வயதில் செய்துகொண்டது 2010ஐ ஒட்டிய காலம். அநேகமாக அந்த வெளிக்குழாய் முறைதான். உறுதியாகத் தெரிய உங்கள் ஒப்பரேஷன் அறிக்கை வேண்டும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் பக்கத்தில் இன்னும் இரண்டு விடயம் உண்டு. இந்தக் கணக்குகளெல்லாம் ஒப்பரேஷன் நாளிலிருந்து தொடங்குகின்றன. நீங்கள் அதிலிருந்து ஏறத்தாழ 17 வருடம் கடந்து வந்துவிட்டீர்கள். ஆரம்பகால ஆபத்து உங்களுக்குப் பின்னால் போய்விட்டது. இரண்டாவது, உங்களுக்கு வளராமல் போனது வலது பக்கம், வேலை செய்வது இடது இதயவறை. உடம்பு முழுவதற்கும் இரத்தம் தள்ளவென்றே அமைந்த அறை அது. இடது பக்கம் வளராமல் வலது அறையை மட்டும் வைத்து வாழ்பவர்களைவிட, உங்களைப் போன்றவர்களின் இதயம் பொதுவாக நீண்ட காலம் தாக்குப் பிடிக்கிறது. பிரான்சின் போர்தோ நகரில் பிரான்சிஸ் ஃபொன்டான் 1968இல் முதன்முதலாக இந்த ஒப்பரேஷனைச் செய்ததும் உங்களுடைய இதே நோய்க்குத்தான்.

சரி, அப்படியானால் எத்தனை வயது? நாற்பதைத் தாண்டி வாழ்வதை எதிர்பார்த்துத் திட்டம் போடுங்கள். ஐம்பதுகளில் வாழ்பவர்கள் இன்று உலகில் இருக்கிறார்கள். 2018இல் உலகம் முழுவதும் இந்த ஒப்பரேஷனோடு வாழ்பவர்கள் 50,000 முதல் 70,000 வரை இருப்பார்கள் என்றும், பத்தில் நான்கு பேர் 18 வயதைத் தாண்டியவர்கள் என்றும் கணித்தார்கள். மற்றவர்களைப் போல எண்பது வயது என்று நான் சொன்னால் அது உங்களை ஏமாற்றுவதாகும். உங்கள் முறையில் முதன்முதல் செய்துகொண்டவர்களுக்கே இப்போதுதான் ஏறத்தாழ 35 வருடம் ஆகிறது. அதற்கு அப்பால் கணக்கெடுக்க இன்னும் ஆட்கள் இல்லை.

இப்போது உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் கவலைப்படுத்திய வரிக்கு வருகிறேன். அது "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்பது.

மற்றவர்களின் இதயத்தில் இரண்டு பம்பு. ஒன்று நுரையீரலுக்கு, மற்றது உடம்புக்கு. உங்களுக்கு ஒன்றுதான், அது உடம்புக்கு வேலை செய்கிறது. உடம்பிலிருந்து திரும்பி வரும் இரத்தத்தை இதயத்துக்குள் விடாமல், பெருநாளங்களை நேரே நுரையீரல் நாடியில் பொருத்திவிட்டார்கள். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் மோட்டர் இல்லாமல் வாய்க்கால் வழியே வயலுக்கு வருவதைப் பார்த்திருப்பீர்கள். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் அதைத் தள்ளுகிறது. உங்கள் இரத்தமும் அப்படித்தான் நுரையீரலுக்குப் போகிறது. அதற்காக நாளங்களில் அழுத்தம் எப்போதும் உயர்ந்தே நிற்க வேண்டும். மற்றவர்களில் 5 மில்லிமீற்றர் பாதரச அளவில் இருப்பது உங்களில் 10 முதல் 15 வரை இருக்கும். பள்ளத்தில் சின்ன அடைப்பு வந்தாலும் மேலே தண்ணீர் தேங்கும்.

தேங்குகிற இடங்களில் முதலாவது ஈரல். வருடக்கணக்காக இந்த அழுத்தத்தைத் தாங்கித் தாங்கி ஈரலில் தழும்பு விழுகிறது. ஒப்பரேஷன் செய்து பத்து வருடம் தாண்டிய ஏறத்தாழ எல்லோருக்குமே ஓரளவுக்கு இது உண்டு. நோவு இருக்காது, கண் மஞ்சளாகாது. சாதாரண ஈரல் இரத்தப் பரிசோதனைகூடச் சரியாகவே வரும். சிலருக்கு, மிகச் சிலருக்கு, இதிலிருந்து ஈரல் புற்றுநோய் வருகிறது. அதுவும் இருபதுகள், முப்பதுகளில். ஸ்கேனில் சின்னதாக இருக்கும்போதே பிடித்தால் செய்ய வழி இருக்கிறது. அதைப் பிடிக்க ஸ்கேன் எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது குடல். இரத்தத்தில் உள்ள புரதம் குடல் வழியே கசிந்து போகும் ஒரு நிலை, நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேரில் வரும். விடாத வயிற்றோட்டம், கால் வீக்கம், வயிறு உப்புதல். பலர் இதைச் சாப்பாட்டுக் கோளாறு என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். வீட்டிலேயே பார்க்கலாம். பின்னேரம் கணுக்காலுக்குச் சற்று மேலே, முன் எலும்பின் மீது பெருவிரலால் பத்து எண்ணும்வரை அழுத்திவிட்டு எடுங்கள். குழி அப்படியே நின்றால் கிளினிக் திகதி வரை காத்திருக்கக் கூடாது. அப்புறம் இதயத் துடிப்பு. திடீரென்று மார்பு படபடவென்று அடித்து அரை மணி நேரத்தில் அடங்காவிட்டால் அன்றே வைத்தியசாலை. இரண்டு பம்பு உள்ளவர் ஒருநாள் முழுக்கத் தாங்கும் படபடப்பை உங்கள் ஒற்றை அறையால் தாங்க முடியாது. தலை சுற்றினால் அரை மணி நேரமும் பார்க்க வேண்டாம்.

"நன்றாக இருக்கிறேன்" என்பதில் இன்னொரு சிக்கல். பிறந்ததிலிருந்தே இந்த உடம்புதான். மாடிப்படி ஏறினால் எல்லோருக்கும் இப்படித்தான் இளைக்கும் என்று நினைத்தே வளர்ந்திருப்பீர்கள். உங்களைப் போன்றவர்களை ஓட்டப் பட்டியில் ஓடவிட்டு அளந்தால், ஒத்த வயதினரின் மூன்றில் இரண்டு பங்கு அளவு வருவது வழக்கம். அது மெல்ல மெல்ல இறங்கும்போது நீங்கள் படியைத் தவிர்ப்பீர்கள், பஸ்ஸுக்கு ஓடமாட்டீர்கள், அதுவும் பழகிவிடும். போன வருட அளவு கையில் இருந்தால்தான் இந்த வருட அளவு எதையாவது சொல்லும். கடைசியாக அளந்தது 16 வயதில் என்றால் ஒப்பிட ஒன்றுமே இல்லை.

சிறுவர் கிளினிக்கிலிருந்து பெரியவர்களின் கிளினிக்குக்கு மாறுகிற இடத்தில்தான் உலகம் முழுக்க இப்படிப்பட்ட பிள்ளைகள் தொலைந்து போகிறார்கள். இதை உங்கள் குற்றமாகச் சொல்லவில்லை. அதுவரை கொப்பியைத் தூக்கிக்கொண்டு இரவு ரயிலில் உங்களைக் கொழும்புக்குக் கூட்டிப்போனது அம்மா. 16 வயதில் எல்லாம் ஒரேயடியாக உங்கள் கைக்கு வந்தது, அதே நேரம் பரீட்சையும் வந்தது.

அஸ்பிரினுக்கு வருவோம். ஞாபகம் வந்தால் குடிக்கிற குளிசை இல்லை அது. இரத்தம் மெதுவாக ஓடும் இடத்தில் கட்டி உறையும். உங்கள் நாளங்களில் இரத்தம் மெதுவாகத்தான் ஓடுகிறது. நாளைக்கே தொடங்கி ஒழுங்காகக் குடியுங்கள். கிளினிக்கில் பார்த்துவிட்டு அதையே தொடரச் சொல்லலாம், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வோபரினுக்கு மாற்றலாம், அது அவர்கள் முடிவு.

எங்கள் பக்கத்தில் அஸ்பிரினோடு சேர்த்துப் பேசவேண்டியது டெங்கு. மாரி மழை விட்ட கையோடு நுளம்பும் காய்ச்சலும் வந்துவிடும். காய்ச்சல் வந்தால் பனடோல் மட்டும். புரூபன் போன்ற நோவுக் குளிசை எதையும் தொடாதீர்கள். முதல் நாளே வைத்தியசாலைக்குப் போய், "எனக்கு ஃபொன்டான் செய்திருக்கிறது, அஸ்பிரின் குடிக்கிறேன்" என்று அவர்கள் கேட்கும் முன்பே சொல்லுங்கள். டெங்கு என்றால் பெரும்பாலும் அஸ்பிரினைக் கொஞ்ச நாள் நிறுத்துவார்கள். டெங்கில் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும். மற்றவர்களுக்கே சேலைன் அளவை மணிக்கு மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். உங்களுக்கு அது கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. ஆகவே வீட்டில் வைத்துப் பார்க்கிற காய்ச்சல் என்று ஒன்று உங்களுக்குக் கிடையாது. சேலைன் ஏற்றும்போது குழாயில் காற்றுக் குமிழ் இல்லாமல் பார்க்கச் சொல்லித் தாதியரிடம் கேளுங்கள். சில ஃபொன்டான்களில் சின்னத் துளை ஒன்று விட்டு வைத்திருப்பார்கள், அதனூடாகக் குமிழ் மூளைக்குப் போகலாம். கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

உடம்பில் நீர் குறைவது உங்களுக்கு ஆகாது. வயிற்றோட்டம் வந்தால் தொடக்கத்திலேயே ஜீவனி கரைத்துக் குடியுங்கள். கந்தசஷ்டிக்குத் தண்ணீர்கூடத் தொடாத விரதம் வேண்டாம். பாலும் பழமும் எடுத்துப் பிடிக்கிற விரதத்துக்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன். காட்டு வழியாகக் கதிர்காமத்துக்கு நடப்பதை விட்டுவிடுங்கள், பஸ்ஸில் போய்க் கும்பிடலாம். திருவிழாவுக்காக மாதவிடாயைத் தள்ளிப்போடும் குளிசை ஒன்றைப் பெண்கள் பார்மசியில் வாங்கிப் போடுகிறார்கள் அல்லவா, அதைக் கேட்காமல் போடாதீர்கள். இரத்தம் உறைவதை அது கூட்டக்கூடும்.

பயந்துபோய் ஒரே இடத்தில் உட்காரவும் வேண்டாம். கெண்டைக்கால் தசை இறுகும்போது நாளத்து இரத்தம் மேலே தள்ளப்படும். உங்களுக்கு இல்லாத அந்த இரண்டாவது பம்பின் வேலையில் ஒரு பங்கை அந்தத் தசை செய்கிறது. சைக்கிள் ஓட்டுங்கள், நடவுங்கள், விடுதிப் படியில் முன்பாதத்தில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். பேச முடிகிற அளவு இளைப்புச் சரி. பேச்சு அறுகிற அளவு வேண்டாம். மூச்சைப் பிடித்துப் பாரம் தூக்குவதும், சிலிண்டர் கட்டிக் கடலுக்கடியில் போவதும் கூடாது. பாசிக்குடாவில் இடுப்பளவு தண்ணீரில் நீந்துவதை யாரும் தடுக்கவில்லை. பல் பிடுங்கப் போனால் முன்கூட்டியே சொல்லுங்கள், அதற்கு முன் நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்க வேண்டியிருக்கலாம்.

பிள்ளை விடயம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஃபொன்டான் செய்த பெண்கள் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். பெரும்பாலான தாய்மார் உயிரோடு வீடு வந்திருக்கிறார்கள். ஆனால் கருக்களில் கிட்டத்தட்டப் பாதி தங்குவதில்லை. தங்கிப் பிறப்பவற்றிலும் பாதிக்கு மேல் மாதம் நிறையாதவை, எடை குறைந்தவை. கர்ப்பத்தில் இரத்தத்தின் அளவு ஏறத்தாழ அரைப் பங்கு கூடும், அதையும் அந்த ஒற்றை அறைதான் தள்ள வேண்டும். பிள்ளைக்கும் இதயக் குறை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், நூற்றுக்குச் சிலர் என்ற அளவில். 20 வாரமளவில் வயிற்றுக்குள்ளேயே பிள்ளையின் இதயத்தைப் பார்க்க முடியும். உங்கள் எக்கோ, ஒட்சிசன் அளவு, ஈரல், துடிப்பு எல்லாம் பார்த்த பிறகுதான் 'பெறலாம்', 'வேண்டாம்' என்று உங்களைப் பற்றி யாரும் சொல்ல முடியும். பார்க்காமல் பெறு என்பவரையும் நம்ப வேண்டாம், பார்க்காமல் பெறாதே என்பவரையும் நம்ப வேண்டாம்.

ஒன்றில் மட்டும் எனக்குத் தளர்வில்லை. திட்டமிடாத கர்ப்பம் வரக்கூடாது. நம் நாட்டுச் சட்டத்தில் தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்புக்கு இடமுண்டு. இதயத்துக்குக் கொடுக்கும் குளிசைகளில் எனலாபிரில், வோபரின் போன்றவை வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும். முன்கூட்டியே மாற்ற வேண்டும். கலியாணம் முடிந்ததும் வீட்டுக்கு வரும் குடும்பநல மருத்துவிச்சி மிதுரி என்ற கருத்தடைக் குளிசையைத் தரக்கூடும். அது உங்களுக்குச் சரிவராது. ஈஸ்ட்ரஜன் உள்ள எந்தக் குளிசையும் இரத்தம் உறைவதைக் கூட்டும். கையில் தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சியில் ஈஸ்ட்ரஜன் இல்லை. அதைப் பற்றி கிளினிக்கில் கேளுங்கள்.

மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்வதா? சொல்ல வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஊருக்குச் சொல்லத் தேவையில்லை, தரகருக்கும் தேவையில்லை. பேச்சு முற்றி வரும்போது, மாப்பிள்ளைக்கு, நீங்களே நேரில் சொல்லுங்கள். நெஞ்சில் இருக்கிற தழும்பு கலியாணத்தன்று இரவே தெரிந்துவிடும். "சின்ன வயதில் ஓட்டை இருந்தது, அடைத்துவிட்டார்கள்" என்று பாதியைச் சொல்லிச் சமாளிக்கிற வீடுகளை நிறையப் பார்க்கிறேன். முதல் கர்ப்பத்தில் அந்தப் பொய் உடைந்து, படுக்கையில் கிடக்கிற பெண்ணின் தலைமாட்டிலேயே சண்டை நடக்கும். விரும்பினால் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிவாருங்கள், டொக்டரிடமே கேட்கட்டும். கேட்டுவிட்டுப் போகிறவர் போகட்டும்.

அம்மா அழுவதைப் பற்றி. உங்கள் நோய் உள்ளவர்களில் பெரும்பாலானோர் சிறு வயதிலேயே போய்விடுவார்கள் என்று யாரோ ஒரு டொக்டர் அன்று அவருக்குச் சொல்லியிருப்பார். அம்மா இன்னும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறார். நான் மேலே எழுதிய கணக்குகளை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். புதியவற்றை அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இனி செய்ய வேண்டியது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் இதய கிளினிக்கில் பெயர் பதியுங்கள். அங்கிருந்து தேவைப்பட்டால் பிறவி இதய நோயைப் பெரியவர்களில் பார்க்கிற கொழும்பு நிபுணர்களிடம் கடிதம் தருவார்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது போக வேண்டும். எக்கோ, ஈ.சி.ஜி., 24 மணி நேரத் துடிப்புப் பதிவு, அல்புமின் என்ற புரதம் உட்பட இரத்தப் பரிசோதனை, ஈரல் ஸ்கேன். இவற்றில் ஈரல் ஸ்கேன் விடுபட்டால் நீங்களே ஞாபகப்படுத்துங்கள்.

போகும்போது பழைய கிளினிக் கொப்பியோடு, இந்தியாவில் தந்த ஒப்பரேஷன் அறிக்கையையும் கொண்டுபோங்கள். தொலைந்திருந்தால் அந்த வைத்தியசாலையின் பதிவுப் பிரிவுக்கு, ஒப்பரேஷன் நடந்த மாதமும் அப்பாவின் பெயரும் கடவுச்சீட்டு இலக்கமும் குறிப்பிட்டு மின்னஞ்சல் போடுங்கள். பல இடங்களில் பழைய பதிவுகளைத் தேடித் தருவார்கள். எந்த முறை, குழாயின் அளவு எத்தனை மில்லிமீற்றர், துளை விட்டார்களா, பிறகு அது மூடப்பட்டதா என்பதெல்லாம் அதில் இருக்கும். கிடைத்ததும் போனில் படம் எடுத்து வையுங்கள். வந்தாறுமூலை விடுதியில் நடுச்சாமத்தில் மயங்கி விழுந்தால் கூட்டிக்கொண்டு ஓடுகிற தோழிக்கு அந்தப் படம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.